நான்கு பாக்ஸ், ஒரு 250 வாட் ஆம்ப்: பாதி விழாவில் சத்தம் நின்றுபோவது ஏன்?

வேளச்சேரி பிளாட்வாசி

வணக்கம். எங்கள் குடியிருப்பு வேளச்சேரியில் இருக்கிறது. இரண்டு பிளாக், 64 வீடு. பொங்கலுக்குப் பொங்கல் மைக் செட் வாடகைக்கு எடுப்பதைவிடச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று சங்கத்தில் முடிவானது. ரிச்சி தெருவுக்குப் போய் 250 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், 12 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ் நான்கும் வாங்கி வந்தோம். பாக்ஸின் முதுகில் 200 வாட், 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. கீழே பேஸுக்கு வூஃபர், மேலே கீச்சுச் சத்தத்துக்குச் சின்ன ஹார்ன் வைத்த ட்வீட்டர்.

கோலப்போட்டி முடிவு அறிவிக்கும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. பிள்ளைகள் ஆடுவதற்குப் பாட்டு போட்ட பத்தாவது நிமிடம் சத்தம் பட்டென்று நின்றது. ஆம்பில் சிவப்பு விளக்கு. மேல்மூடியில் கை வைக்க முடியாத சூடு. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து ஆறவிட்டு மறுபடி போட்டோம், மறுபடி நின்றது. அப்புறம் இரண்டு பாக்ஸைக் கழற்றிவிட்டு, மீதி இரண்டை மட்டும் வைத்து வால்யூமைக் கடைசிவரை திருகி ஓட்டினோம். சத்தம் வந்தது, ஆனால் கரகரவென்று. மறுநாள் போட்டுப் பார்த்தால் அந்த இரண்டிலும் ட்வீட்டர் பேசவில்லை.

கடைசி வரிசையில் இருந்த பெரியவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவர்களை நினைத்துத்தான் நான்கு பாக்ஸ் வாங்கினோம். அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

பாக்ஸ் நான்கும் சேர்ந்து 800 வாட். ஆம்ப் 250 வாட்தான். அது போதவில்லையா? 1000 வாட் ஆம்ப் வாங்குங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

தாம்பரம் பயணி

பேட்டரி வைத்த டிராலி ஸ்பீக்கர் இரண்டு வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

மைக்செட் பெரம்பூர்

சார், புது ஆம்ப் வாங்காதீர்கள். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, நான்கு பாக்ஸுக்கும் வயர் எப்படிப் போனது? ஆம்பிலிருந்து தனித்தனியாகவா, இல்லை ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்கா? இரண்டு, ஆம்புக்குப் பின்னால் வரிசையாகத் திருகு இருக்குமே, 4, 8, 16, 70 வோல்ட், 100 வோல்ட் என்று? அதில் எந்தத் திருகில் முறுக்கினீர்கள்?

வேளச்சேரி பிளாட்வாசி

ஒன்றிலிருந்து ஒன்றுக்கு. ஒவ்வொரு பாக்ஸின் பின்னாலும் இரண்டு சாக்கெட் இருக்கிறது. ஒன்றில் வாங்கி இன்னொன்றில் கொடுத்து, முதல் பாக்ஸின் வயரை ஆம்பில் 4 ஓம் திருகில் முறுக்கினோம். 'பாக்ஸ் நான்கு இருக்கிறது, அதனால் 4' என்று எலக்ட்ரீஷியன் சொன்னார்.

மைக்செட் பெரம்பூர்

அங்கேதான் சார் தப்பு. அந்த 4 என்பது ஓம், பாக்ஸ் எண்ணிக்கை இல்லை. பின்னால் இருக்கும் இரண்டு சாக்கெட்டும் உள்ளே ஒரே கம்பிதான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எடுத்தால் நான்கும் பக்கம் பக்கமாகத் தொங்குகிற மாதிரி ஆகிவிடும். கணக்கை சர்வீஸ்காரர் சொல்வார், அவரும் இந்தப் பக்கம்தான் இருப்பார்.

சாலிகிராமம் சர்வீஸ்

இருக்கிறேன் அண்ணே. இது வாரத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வரும் கேஸ். கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

ஆம்ப் பாக்ஸுக்குள் வாட்டைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது அப்படியல்ல. ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். அந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கரண்ட் இழுப்பது என்பதைப் பாக்ஸின் ஓம் முடிவு செய்கிறது. வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒரே அழுத்தத்தில் நிற்கிறது, வாய் பெரிதாகத் திறந்தால் நிறையக் கொட்டுகிறது, அதே மாதிரிதான். ஓம் குறைந்தால் வாய் பெரிதாகிறது என்று அர்த்தம்.

8 ஓம் பாக்ஸ் இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 4 ஓம். நான்கைப் போட்டால் 2 ஓம். உங்கள் ஆம்பின் 4 ஓம் திருகில் முழு 250 வாட் வரும்போது வோல்டேஜ் சுமார் 31.6, கரண்ட் 8 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. அதே திருகில் 2 ஓம் சுமையைத் தொங்கவிட்டால், அதே 31.6 வோல்ட்டுக்கு 15.8 ஆம்பியர் கேட்கும். 500 வாட். உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பேச்சு என்றால் இடைவெளி விட்டு விட்டு வரும், அதனால் தாங்கிக்கொண்டது. டான்ஸ் பாட்டில் பேஸ் விடாமல் அடிக்கும், சூடு ஏறிவிட்டது. ஆம்பில் பாதுகாப்புச் சுற்று இருந்ததால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. அது இல்லாத பழைய ஆம்பாக இருந்தால் புகைந்திருக்கும்.

அந்தத் திருகுகளைப் பற்றி யாரும் சொல்லித் தராத ஒன்று: எல்லாத் திருகிலும் கிடைப்பது அதே 250 வாட்தான், வோல்டேஜ் மட்டும்தான் வேறு. 8 ஓம் திருகில் சுமார் 44.7 வோல்ட், 16 ஓமில் சுமார் 63. அப்படியே போனால் 100 வோல்ட் திருகு என்பது 40 ஓம் திருகு. தெரியாமல் ஒரு 8 ஓம் பாக்ஸை நேராக அதில் முறுக்கினால் 1250 வாட் கேட்கும். ஆம்ப், பாக்ஸ் இரண்டுக்குமே ஆபத்து.

வேளச்சேரி பிளாட்வாசி

இப்போதுதான் புரிகிறது. அப்படியானால் நான்கையும் எப்படித்தான் போடுவது?

சாலிகிராமம் சர்வீஸ்

இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பு. முதல் பாக்ஸின் மைனஸிலிருந்து இரண்டாவது பாக்ஸின் பிளஸுக்கு. அது 16 ஓம் ஜோடி. இன்னொரு ஜோடியும் அதே மாதிரி. இரண்டு ஜோடியையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 8 ஓம். 8 ஓம் திருகில் முறுக்குங்கள். ஒவ்வொரு பாக்ஸுக்கும் 62 வாட் சொச்சம் போகும். நான்கும் ஒரே மாதிரி பாக்ஸாக இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு அளவு என்றால் தொடர் இணைப்பு வேண்டாம், பங்கு சமமாகப் பிரியாது.

பாக்ஸில் இருக்கும் சாக்கெட்டை வைத்துத் தொடர் இணைப்பு வராது. ஒரு சின்ன ஜங்ஷன் பெட்டி செய்து, நான்கு வயரும் அதற்குள் வந்து சேரட்டும். ஆம்பில் முறுக்குவதற்கு முன்னால் மல்டிமீட்டரை ஓமில் வைத்து அந்த இரு முனையையும் தொட்டுப் பாருங்கள். 8 ஓம் பாக்ஸ் மீட்டரில் 6 பக்கம்தான் காட்டும், அது சரியே. நான்கும் சேர்ந்து 6 பக்கம் காட்டினால் இணைப்பு சரி. ஒன்றரை காட்டினால் மறுபடி பொங்கல் நிலைமைதான்.

பூந்தமல்லி டீஜே

62 வாட்டை வைத்துக்கொண்டு 200 வாட் பாக்ஸை என்ன செய்வது? பாக்ஸ் வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்ப் போட வேண்டும், இதுதான் தொழிலில் எல்லோரும் செய்வது. சின்ன ஆம்ப் போட்டதால்தான் ட்வீட்டர் போயிருக்கிறது.

சாலிகிராமம் சர்வீஸ்

நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இதை நம்பி நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

முதலில் சத்தக் கணக்கு. பாக்ஸ் எவ்வளவு சத்தம் தரும் என்பதை அதன் வாட் சொல்வதில்லை. எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. சத்தத்துக்கு வேறு ஒரு எண் உண்டு: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் என்பது. இந்த வகை 12 அங்குல பாக்ஸுக்கு 96 டெசிபல் பக்கம் இருக்கும். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும். 62 வாட் என்றால் 96உடன் 18 கூட்டி 114. 16 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அதில் 24 போய் 90 மிஞ்சும். இது உச்சம். பேச்சின் சராசரி இதற்கு 10, 15 டெசிபல் கீழே ஓடும். அப்போதும் கடைசி வரிசைத் தாத்தாவுக்குத் தாராளம்.

இதையே 500 வாட் ஆம்ப் ஆக்கினால் என்ன ஆகும்? 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் கூடியது தெரியும், அவ்வளவே. பணம் ஒன்றும் செலவழிக்காமல் ஒரு ஜோடி பாக்ஸைத் தூக்கி நடு வரிசைக்கு முன்னால், தலைக்கு மேல் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். 16 மீட்டர் 8 ஆகிவிடும், 6 டெசிபல் கிடைத்துவிடும். ட்வீட்டர் சத்தம் முன்வரிசை முதுகில் மோதி நிற்காமல் பின்னால் போய்ச் சேரும். வார்த்தை புரிவது அந்த ட்வீட்டரால்தான்.

இப்போது ட்வீட்டர் எரிந்த கதை. கரகர என்று கேட்டதாக எழுதியிருக்கிறார், அது முக்கியமான குறிப்பு. ஆம்பால் கொடுக்க முடிந்த உச்ச வோல்டேஜுக்கு மேல் சிக்னல் ஏறினால், அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். கிளிப்பிங் என்பது இதுதான். தலை முழுக்கத் தட்டையாகிச் சதுர அலையாக மாறினால், அதே உச்சத்தில் இரண்டு மடங்கு பவர். இரண்டு பாக்ஸ் 4 ஓமில் ஓடியபோது ஆளுக்கு 125 வாட் என்பது நியாயமான கணக்கு. வெட்டுப்பட்ட அலையில் அது 250ஐ நோக்கிப் போகும். அதில் உயர் அலைவரிசைப் பங்கும் வழக்கத்தைவிட அதிகம். அது போய்ச் சேருகிற இடம் ட்வீட்டர். பாக்ஸ் 200 வாட் என்றாலும் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன டிரைவர் தாங்குவது சில பத்து வாட்தான்.

நேற்றுகூட அப்படி ஒன்றைத் திறந்தேன். டயபிரம் என்கிற, அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகட்டைச் சுற்றியிருக்கும் காயில் ஒரு ரூபாய் நாணய அகலம். தலைமுடி கனத்தில் கம்பி. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய அரக்குப் பூச்சு காபிப்பொடி நிறத்துக்கு வந்து, ஒரு பக்கம் கம்பி பிரிந்து காந்த இடுக்கில் சிக்கியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாடை. இந்த மாதிரி பாக்ஸில் நாம் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் சத்தமாகிறது. மிச்சம் முழுக்க அந்தக் காயிலில் சூடாகத்தான் இறங்குகிறது.

ஆகவே எரிப்பது சூடு. சின்ன ஆம்பை வெட்டுப்படும்வரை திருகினாலும் சூடு, பெரிய ஆம்பைக் கண்மண் தெரியாமல் திருகினாலும் சூடு. இரண்டு மடங்கு ஆம்ப் என்பது டீஜே மாதிரி பக்கத்திலேயே நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்குச் சரி. அசோசியேஷன் விழாவில் வால்யூமில் யார் கை வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே 250 வாட்டை நான்கு பாக்ஸுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் பாக்ஸுக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று. மைக்கும் பாட்டும் ஆம்புக்கு முன்னால் வந்து சேரும் மிக்ஸரில், உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் கெயின் திருகிலேயே வெட்டுப்பட்டால், ஆம்பின் வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்ட அலைதான் போகும். மிக்ஸரில் சிவப்பு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூந்தமல்லி டீஜே

சரி, ஏற்றுக்கொள்கிறேன். நான் எப்போதும் கன்சோல் பக்கத்திலேயே நிற்பவன். அந்தக் கோணத்திலிருந்து மட்டும் சொல்லிவிட்டேன்.

மைக்செட் பெரம்பூர்

வயரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. சார், ஆம்பிலிருந்து கடைசி பாக்ஸ் எத்தனை அடி? என்ன வயர்?

வேளச்சேரி பிளாட்வாசி

100 அடி இருக்கும். சிவப்பும் கறுப்பும் ஒட்டிய மெல்லிய வயர், கடையில் ஸ்பீக்கர் வயர் என்று கொடுத்தார்கள்.

மைக்செட் பெரம்பூர்

அதை உதவிக்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவோடு நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் வியாசர்பாடியில் ஒரு கல்யாணம். ராத்திரி சுருட்டும்போது வயர் கையில் வெதுவெதுவென்று இருந்தது. 'அது நம்ம பாட்டுடா, பாக்ஸுக்குப் போகாம வழியிலயே தங்கிருச்சு' என்றார் அப்பா. அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 100 அடி, போகவர 60 மீட்டர் பக்கம். ஒன்றரை ஓம் அதிலேயே வந்துவிடும். 4 ஓம் சுமையோடு சேர்த்தால் ஆம்ப் கொடுப்பதில் கால்வாசிக்கு மேல் வயரிலேயே போகிறது. 1.5 சதுரத்துக்கு மாறினால் வீணாவது பாதியாகும், 2.5 போட்டால் இன்னும் நல்லது. சுமை 8 ஓமாக இருந்தால் நஷ்டம் மேலும் குறையும். சர்வீஸ் சொன்ன இணைப்பில் அந்த லாபமும் இருக்கிறது. வாங்கும்போது செம்புதானா என்று ஒரு நுனியைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியம் நிறைய ஓடுகிறது.

திருவிழாவுக்குத் தெரு முழுக்கக் கட்டும்போது நாங்கள் 8 ஓம் பக்கமே போகமாட்டோம். 100 வோல்ட் லைன்தான். ஒவ்வொரு யூனிட்டிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், 30 வாட், 15 வாட் என்று அதில் எடுத்துக்கொள்ளலாம். வோல்டேஜ் அதிகம், கரண்ட் குறைவு, அரை கிலோமீட்டர் போனாலும் பெரிதாக இறங்காது. ஈ.பி. ஹைடென்ஷனில் அனுப்புகிற அதே வித்தைதான். கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும்: 250 வாட் ஆம்பில் 30 வாட்டாக ஆறு கட்டினால் 180, நிம்மதி. எட்டு கட்டினால் 240, நான் கட்டமாட்டேன்.

மாடவீதி மார்கழி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மயிலாப்பூரில் பெண்கள் பதினைந்து பேர் மார்கழி முழுக்க மாடவீதி சுற்றிப் பாடுகிறோம். பாபநாசம் சிவன் பாடி வந்த அதே வீதி. ஆறு மணிக்கு முன்னால் ஒலிபெருக்கி கூடாது என்பதால் அதுவரை வெறும் வாய்ப்பாட்டும் ஜால்ராவும்தான். கோயில் வாசலில் வந்து நிற்கும்போது மணி ஆறு தாண்டிவிடும். அங்கே மட்டும் பேட்டரி டிராலி ஸ்பீக்கரைப் போடுகிறோம். போட்டதும் ஊய்யென்று ஊளையிடுகிறது. வால்யூமைக் குறைத்தால் யாருக்கும் கேட்பதில்லை. இதிலும் ஓம் கணக்குதானா?

சாலிகிராமம் சர்வீஸ்

இல்லை மேடம். டிராலியில் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் ஜோடி சேர்ந்தே வருகின்றன. எந்தக் காயிலுக்கு எவ்வளவு என்பதைத் தயாரித்தவர்களே பொருத்தி விட்டார்கள். நல்ல பெட்டியில் வெட்டுப்படாமல் பிடித்து நிறுத்தும் லிமிட்டரும் இருக்கும். தாம்பரம் நண்பர் சொன்னதில் இருக்கும் நியாயம் அதுதான்.

உங்களுடையது இடம் சார்ந்த பிரச்சினை. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் போய், மறுபடி பெருகி, மறுபடி வெளியே வருகிறது. அந்தச் சுற்று நிற்காமல் ஓடுவதுதான் ஊளை. பெட்டியை உங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மாடவீதி மார்கழி

ஆமாம், இழுத்து வருவதால் பின்னாலேயே நிற்கும்.

சாலிகிராமம் சர்வீஸ்

பாடுபவர்களுக்கு முன்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளி, முகம் கேட்பவர்கள் பக்கம் இருக்கும்படி, ஒரு ஸ்டூலின் மேல் வையுங்கள். மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் பிடியுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இருக்கும் தூரம் பாதியானால் உங்கள் குரல் 6 டெசிபல் ஏறும், ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வருவது ஏறாது. பதினைந்து பேருக்கு நடுவில் ஒரு மைக் என்றால் தூரம் கூடிவிடும். முன்னால் நின்று எடுத்துக்கொடுக்கும் இரண்டு பேருக்கு மட்டும் ஆளுக்கொன்று கொடுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்க வேண்டாம், ஊளை கூடும்.

மாடவீதி மார்கழி

நாளை காலையே செய்து பார்க்கிறோம். மிகவும் நன்றி.

மைக்செட் பெரம்பூர்

வேளச்சேரி சாருக்கு இன்னும் ஒரு வார்த்தை. பாக்ஸில் உர்ர்ரென்று இரைச்சல் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகச் சொல்வார்கள். எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். மைக் பிடித்திருக்கிற பிள்ளையின் கையில் ஷாக் இறங்கும். மிக்ஸர், ஆம்ப் இரண்டையும் ஒரே பிளக் பலகையிலிருந்து எடுங்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அப்புறம், ராத்திரி பத்துக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் சட்டத்தில் இருக்கிறது. அதனால் பாக்ஸ் உங்கள் ஆட்களைப் பார்த்து இருக்கட்டும், அடுத்த தெருவைப் பார்த்து வேண்டாம்.

வேளச்சேரி பிளாட்வாசி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ட்வீட்டர் இரண்டுக்கும் டயபிரம் மாற்றியாகிவிட்டது. ஜங்ஷன் பெட்டி செய்தோம், 2.5 சதுர வயர் இழுத்தோம். மீட்டர் 6.2 காட்டியது. 8 ஓம் திருகில் முறுக்கி, ஞாயிறு காலை கார் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் அதே டான்ஸ் பாட்டுகளை ஓட்டினோம். ஆம்ப் மூடியில் உள்ளங்கையை வைத்து எண்ணிக்கொண்டே இருக்க முடிந்தது, இளஞ்சூடுதான். பின்வரிசையில் ஒரு பாட்டியை உட்காரவைத்து மைக்கில் செய்தித்தாள் படித்தேன், படித்ததை அப்படியே திருப்பிச் சொன்னார்.

ஒரே ஒரு குறை. பேச்சு தெளிவாக இருக்கிறது. பாட்டில் மட்டும் இடது பக்க ஜோடிக்கு எதிரே வந்தால் பேஸ் வற்றிவிடுகிறது. வலது பக்கம் கும்மென்று இருக்கிறது.

மைக்செட் பெரம்பூர்

இடது ஜோடியில் ஏதோ ஒரு பாக்ஸில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது சார். ஒன்று காற்றை வெளியே தள்ளும்போது பக்கத்தில் இருப்பது உள்ளே இழுக்கிறது, பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பாக்ஸிலும் டார்ச் செல் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பிளஸுக்குப் பிளஸ். வலைக்குள்ளே வெளிச்சம் அடித்தால் கூம்பு நகர்வது தெரியும். நான்கும் வெளியே வர வேண்டும்.

வேளச்சேரி பிளாட்வாசி

மூன்றாவது பாக்ஸ் உள்ளே போனது. ஜங்ஷன் பெட்டியில் அந்த இரண்டு கம்பியை மாற்றி முறுக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கும்மென்கிறது. இப்போது நான்கு வயர் நுனியிலும் பிளஸ் கம்பிக்குச் சிவப்பு டேப் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.